மரகதம் வீட்டை விட்டுப் போன அத்தியாயம்

எனக்கு வாசிக்கிற குரல் நன்றாக அமைந்துவிட்டது. திருநெல்வேலியில் ஐந்தாவது வகுப்புப் படிக்கும்போதே, பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் என்னைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவேன். துக்கமான இடம் வந்தால் குரலைக் கொஞ்சம் இறக்குவேன், ஆனால் அழமாட்டேன். வாசிக்கிறவள் அழுதுவிட்டால் கேட்கிறவர்களுக்கு அழ ஒன்றும் மிச்சமிருக்காது.

தம்பி, நேற்று நீங்கள் பூஜப்புரை ஜெயிலுக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபோது, திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "எந் தங்கச்சிகிட்ட ஏன் கதைய மாத்தி வாசிச்சிய?" காகிதமும் பென்சிலும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். யார் தள்ளியது, எங்கே தள்ளியது, எத்தனை மணிக்கு என்றுதான் மற்றவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். உங்கள் கேள்வி ஒன்றுக்குத்தான் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன்.

பகவதிப்பெருமாள் அத்தான் என் அத்தை மகன். பிறந்ததிலிருந்தே எனக்கு அவர் என்று சொல்லி வளர்த்தார்கள். பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையில் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் நான்கு வருஷத்தில் போய்விட்டார். இருபத்து மூன்று வயதில், வெள்ளைப் புடவையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக, திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் இருந்த அத்தை வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அத்தானுக்கு அப்போது சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை நன்றாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் எப்படி ஆனோம் என்று நான் எழுதப்போவதில்லை. தாலி அறுத்தவளைக் கட்டுவது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். நடக்கக்கூடியது நடந்தது, அவ்வளவுதான்.

அத்தை சாகுமுன் உங்கள் தங்கை வடிவாம்பாளைப் பேசி முடித்தாள். வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை பார்த்த உங்கள் தகப்பனாருக்கு, டவுனில் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை கிடைத்ததில் சந்தோஷம். முறைப்படி வடிவுக்கு நான் அக்கா. வந்த முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டாள். நல்ல பெண். எனக்கு அவள்மேல் ஒரு வெறுப்பும் கிடையாது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

வடிவு பேசுவது தமிழ்தான். ஆனால் வித்துராவில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்கு ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு மலையாள எழுத்து தெரியாது. கடைக்கு வருகிற ஏஜெண்டு ஒருவர் மாதாமாதம் மதராஸ் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். மத்தியானம் சாப்பாடு ஆன பிறகு, நெல்லுப் பத்தாயம் இருந்த உள்ளறையில் உட்கார்ந்து நான் அதை வாசிப்பேன். வடிவு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

அதில் வந்த தொடர்கதையை நீங்கள் இப்போது புத்தகமாகவே படித்துவிட்டீர்கள். பூபாலன் மிராசுதார் மகன். தாயில்லாமல் வளர்ந்தவன், பிடில் வாசிப்பான். கோபம் வந்தால் பெண்டாட்டி மரகதத்தின்மேல் கையை நீட்டுவான். பிறகு தோட்டத்தில் போய் நின்று அழுவான். அடிக்கு ஒரு வரியும் அழுகைக்கு இரண்டு பக்கமும் கொடுத்திருந்தார் எழுதியவர். லலிதா என்று ஒருத்தி. பூபாலன் கட்டிக்கொள்ள முடியாமல் போனவள். அவர்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரை மண்டபத்தில் சந்திக்கிற இடங்களை எழுதியவர் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்.

அத்தானும் கையை நீட்டுகிறவர்தான். கல்யாணமான மூன்றாம் மாதத்திலேயே அது தெரிந்துவிட்டது. ஒரு தடவை காதோடு சேர்த்து அறைந்ததில் வடிவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. அன்றுமுதல் அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துதான் வாசித்தேன். அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன்.

கன்னம் வீங்கியிருக்கிற நாளில்கூட அவள் பூபாலனுக்காக அழுவாள். "பாவம்க்கா அவன். உள்ளுக்குள்ள என்ன வேதனையோ, யாருகிட்ட சொல்லுவான்" என்பாள்.

நான் அத்தானிடம் ஒரு யோசனை சொன்னேன். அடித்த பிறகு கடைக்குக் கிளம்பிப் போகாதீர்கள், கிணற்றடிக் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றேன். சிரித்தார். ஆனால் அடுத்த தடவை உட்கார்ந்தார். வடிவு அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "எக்கா, அவிய அழுதாவ. எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காப்பி கலக்கப் போனாள். அவள் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த வீட்டில் சமாதானம் உண்டாக்கியது நான்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு நாள், லலிதா வருகிற அத்தியாயம் முடிந்ததும் அவளிடம் கேட்டேன்: "இந்த லலிதாவ நீ என்ன நெனைக்கே வடிவு?"

அரிசியில் கல்லைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "அவளும் மனுசிதானக்கா. கெடைக்கவேண்டியது கெடைக்கல்லைன்னா மனசு கெடந்து துடிக்கத்தானே செய்யும். மரகதத்துக்குத் தெரியாத வரைக்கும் யாருக்கு என்ன சேதம்?"

அவளுக்கு எங்கள் விஷயம் தெரியாது. கடைசிவரை தெரியாது. ஆனாலும் அன்று அவள் வாயாலேயே எனக்கு உத்தரவு கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஆனி மாசம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது பத்தாவது அத்தியாயம் வந்தது. வாசிக்கும்போது என் கண் எப்போதும் நாக்குக்கு இரண்டு வரி முன்னால் ஓடும். எழுதியவருக்கு என்ன நேர்ந்ததோ, அந்த அத்தியாயத்தில் அவர் புத்தி மாறிவிட்டது. பூபாலன் அடிக்கிறான். தோட்டத்தில் அழுகிறான். மரகதம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே பெட்டியில் துணிகளை அடுக்குகிறாள். 'அவன் கண்ணீர் அவனுடையது. என் முதுகு என்னுடையது' என்று நினைக்கிறாள். வாசலுக்கு வருகிறாள்.

வடிவு முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "போயிருவாளோக்கா?" என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரகதம் அந்தப் படியைத் தாண்டினால் இவளும் தாண்டிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் போய்விட்டால் பெண்டாட்டி இல்லாத வீட்டில் ஒரு ஆண்பிள்ளையும் ஒரு கைம்பெண்ணும். ஆரியசாலையில் அப்படி ஒரு நாள் இருக்கவிடமாட்டார்கள். என்னை மறுநாளே பாளையங்கோட்டைக்கு வண்டியேற்றி, கணவன் வீட்டுக்காரர்களின் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை காட்டுவார்கள். நான் அத்தானோடு இருப்பதற்கு வடிவு அந்த வீட்டில் இருக்கவேண்டும். இதை அதற்கு முன்னால் நான் இவ்வளவு தெளிவாக நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டு வரி தூரத்துக்குள் நினைத்து முடித்தேன்.

"போகல்ல" என்றேன். பிறகு குரலை இறக்கி வாசித்தேன்: "மரகதம் வாசற்படியில் நின்றாள். தோட்டத்திலிருந்து வந்த அந்த விம்மல் அவள் காலைப் பிடித்து இழுத்தது. பெட்டியைக் கீழே வைத்தாள்."

அப்படி ஒரு வரி அந்தப் பக்கத்தில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வடிவு மூச்சை விட்டாள். பிறகு பத்திரிகையை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

"எக்கா, இதுல ரயிலு நிக்குல்லா? பெட்டியோட ஒருத்தி ஏறுதாளே?"

"அது அவ கண்ட கனவு" என்றேன்.

நம்பினாள். அந்தப் பத்திரிகையை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இருக்கவில்லை. பத்தாயத்தின் மேலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த அத்தியாயங்களில் மரகதம் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு வாத்திச்சி வேலைக்குப் படித்தாள். என் மரகதம் பூபாலன் வீட்டிலேயே இருந்தாள். பூபாலன் சாட்டை எடுத்தான். பிறகு அதை ஆற்றில் எறிந்தான். லலிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. மரகதம் போய்ப் பணிவிடை செய்தாள். இதையெல்லாம் காலையில் கோயிலுக்குப் போய் வருகிற வழியில் யோசித்து வைத்துக்கொள்வேன். வெற்றுக் குரலுக்கு வடிவு மயங்கமாட்டாள், ஒவ்வொரு சொல்லும் பொருந்தி வரவேண்டும். மதராஸ்காரரைவிட நான் நன்றாகவே கட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஓணத்துக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். அடப் பிரதமனை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வடிவு உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னாள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். "பெட்டிய எடுத்துட்டு வாசல் வரைக்கும் வந்துட்டா அண்ணா. பொறவு கீழ வச்சிட்டா. நீ என்ன சொல்லுதே, அவ செஞ்சது சரியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சிரித்தபடி, "குடும்பத்துப் பொண்ணுன்னா அப்படித்தான் இருப்பா" என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது அவளுக்கு நாலு மாசம். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், நான் கோயிலுக்குக் கிளம்பும்போது வடிவு என் கையில் ஒரு அஞ்சல் கார்டைத் திணித்தாள். மலையாளத்தில் எழுதியிருந்தாள். "கெழக்கே கோட்டையில பெட்டியில போட்டிருங்கக்கா. அவியளுக்குத் தெரியாண்டாம்" என்றாள்.

கோயில் வாசலில் பூ கட்டுகிற பெண் ஒருத்தியிடம் அதை வாசிக்கச் சொன்னேன். இரண்டே வரி. 'அண்ணா, எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. உடனே வந்து கூட்டிக்கொண்டு போ.' பூக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது ஆரா அம்மா எழுதியது?" என்றாள். "கதையில வாற கடுதாசி" என்று சொன்னேன்.

பச்சை அஞ்சல் பெட்டியின் முன்னால் நின்றேன். பத்மநாபசுவாமியை நினைத்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "போட்டாச்சு" என்றேன்.

எட்டு நாள் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வித்துரா பஸ் வந்து சேருகிற நேரம் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஒன்பதாம் நாள் பத்திரிகையைத் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தேன். மரகதம் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண்ணீர் விடுகிறான். ஆனாலும் போகவில்லை. பதிலும் எழுதவில்லை. தான் போய் அழைத்துவந்தால் தங்கையின் வாழ்வு முடிந்துவிடும் என்று நினைத்து, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறான்.

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க அண்ணனும் அப்படித்தான் நெனச்சிருப்பான், இல்லியாக்கா?" என்றாள். "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு அவள் வாசலுக்கு வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதோடு முடிந்துவிடுகிறது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், வடிவு கடைசியாக ஒரு முறை வாய் திறந்தாள். பேறுகாலத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அத்தானிடம் கேட்டாள். ஊர் உலகத்தில் எல்லாப் பெண்களும் கேட்பதுதான். அங்கே குளிப்பாட்டுகிறவர்கள் அவள் முதுகிலிருந்த தழும்புகளைப் பார்ப்பார்கள் என்று அத்தானுக்குப் பயம். பயம் வந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். கிணற்றடியில் வைத்து எட்டி உதைத்தார். துவைக்கிற கல்லின் விளிம்பில் போய் விழுந்தாள்.

உள்ளறையில் கொண்டு கிடத்தினோம். பத்து மணிக்கெல்லாம் பாய் ரத்தத்தில் நனைந்துவிட்டது. பிரசவம் பார்க்கிற ரத்னாபாய் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள். அத்தான், "கூப்பிடட்டா சொர்ணம்?" என்று கேட்டார். என்னைக் கேட்டார், தம்பி. நான் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "வந்தா முதுகப் பார்ப்பா. நீங்க கடைக்குப் போங்க. எப்பமும்போல எட்டு முழ வேட்டிய உடுத்திட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்." போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். நெற்றியைத் துடைத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். "ரத்னாபாயக் கூப்பிடுங்கக்கா, வய்யா, தாங்க முடியல்ல" என்றாள். "ஆள் போயிருக்கு, வந்துருவா. அதுவரைக்கும் வாசிக்கட்டா?" என்றேன். தலையை ஆட்டினாள். நான் யாரையும் அனுப்பவில்லை.

பத்தரையிலிருந்து மூன்று மணிவரை வாசித்தேன். கையில் பத்திரிகை திறந்திருந்தது; நான் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. நடுவில் இரண்டு தடவை வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, "வந்தாளா?" என்று கேட்டாள். "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு கேட்கவில்லை. கடைசியில், குரலே இல்லாமல், "அவன் திருந்தினானாக்கா?" என்றாள்.

"திருந்தினான். மரகதத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். இனி இந்த ஜென்மத்தில் கை ஓங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான்."

அதைக் கேட்ட பிறகுதான் போனாள். சிரித்தாள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சிரிக்கவில்லை.

கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னோம். குளிப்பாட்டிய பெண்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அன்று ஒருத்தியும் பேசவில்லை. மறு வருஷம் நாகர்கோவிலில் சிநேகிதர் வீட்டில் நீங்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, மரகதம் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை என்று கண்டுபிடித்துப் புகார் கொடுத்த பிறகுதான் ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள்.

நாளை மறுநாள் மாஜிஸ்திரேட்டின் முன்னால் நிறுத்துவார்கள். அங்கே நான் வேறு சொல்லப்போகிறேன். பொறாமையால் நான்தான் தள்ளினேன், நான்தான் உதைத்தேன் என்பேன். நீங்கள் இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், அண்ணன்காரர் கேட்டதற்காகக் கட்டிக்கொடுத்த கதை என்பேன். எனக்குக் கதை கட்டத் தெரியும் என்பதற்கு நீங்களே சாட்சி. கிடைக்கிற தண்டனை கிடைக்கட்டும். அத்தானை மட்டும் இதில் இழுக்காதீர்கள். உள்ளே அவர் எவ்வளவு வேதனைப்படுகிறார் என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவர் இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்ததை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று காலையில் தான் கடையில் இருந்ததாகவும், வீட்டில் நடந்தது எல்லாம் என் கைவேலை என்றும், என்னைப்போல ஒரு பிசாசை வீட்டில் வைத்திருந்தது தன் தலைவிதி என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தை மாசம் அவருக்குக் கல்யாணம், பெண்ணுக்கு ஊர் கோட்டாறு என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்போலிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து அவர் எங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் அவருக்கு எத்தனையோ பேர் இருந்தும், இவ்வளவு பெரிய பழியைக் கொண்டுவந்து என் ஒருத்தியின் தலையில் வைத்தாரே, தம்பி. அன்பில்லாத இடத்தில் யாராவது அப்படி வைப்பார்களா?